கறுப்புப் பிடிக் கத்தி

மடக்குக் கத்தி மூடியபடியே இருந்தது. பரிசோதகர் கட்டைவிரல் நகத்தை அதன் பள்ளத்தில் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். நகம் பிய்ந்து வந்தது. கத்தி வரவில்லை.

"பாத்தியா மச்சான்? இதுதான் நீ வாங்கிட்டு வந்த லட்சணம்" என்றார் விரலைச் சப்பியபடி.

"அஞ்சு நிமிஷம் முன்னாடி நல்லாத்தானே மாமா திறந்துச்சு? நீங்கதான் திருகாணியைப் போட்டு முறுக்கினீங்க" என்றான் மனைவியின் தம்பி.

"அலகு ஆடுச்சு. அதான் முறுக்கினேன்."

"இப்போ ஆடலையே."

"ஆடலை. திறக்கவும் இல்லையே."

சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில் மனைவி உட்கார்ந்து சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். தம்பியின் சட்டை. பரிசோதகர் போட்டிருந்த சட்டையில் இரண்டு பட்டன்கள் இல்லை. அந்த இடத்தில் ஆபீஸ் பின் குத்தியிருந்தது. எட்டு மாதமாக அவருடைய பொருள் எதையும் அவள் தொடுவதில்லை.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் பரிசோதகரின் கத்தி காணாமல் போனது. பதினோரு வருடம் அவருடைய பையிலேயே குடியிருந்த மடக்குக் கத்தி. அவர் அட்டைப்பெட்டி ஆலையில் தரப் பரிசோதகர். பெட்டி மேல் ஒட்டிய டேப்பைக் கிழிக்க, காய்ந்த கோந்தைச் சுரண்ட, முத்திரை மை டப்பாவின் மூடியை நெம்ப, ஆடுகிற மேஜைக்காலின் திருகாணியை முறுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அதைச் செய்த கம்பெனி அந்த மாடலையே நிறுத்தி ஆறு வருடமாகிறது. இனி அழுது புரண்டாலும் கிடைக்காது. அலமாரியை ஒழித்துப் பழைய பேப்பர் போட்டபோது மனைவிதான் அதையும் சேர்த்துப் போட்டுவிட்டாள் என்று அவர் தீர்ப்பே எழுதிவிட்டார். சாட்சி, விசாரணை எதுவும் கிடையாது.

"நான் போடலை" என்று அவள் முப்பது தடவை சொன்னாள். முப்பத்தோராவது தடவை வேறு மாதிரி சொன்னாள்.

"இனிமே உங்க சாமான் எதையும் நான் தொட மாட்டேன். நான் தூக்கிப் போடலைன்னு உங்க வாயால சொல்லி மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் பாக்கலாம்."

சொன்னவள் சொன்னபடியே நடந்தாள். அவர் கட்டிலில் போட்ட ஈரத்துண்டு கட்டிலிலேயே கிடந்து வாடை அடித்தது. மூக்குக்கண்ணாடியைக் குளியலறையில் வைத்துவிட்டு அவர் வீடு முழுக்கத் தடவிக்கொண்டு திரிந்தால், அவள் நாற்காலியை ஒதுக்கி வழி விடுவாள். அவ்வளவுதான்.

இதைப் பார்க்கச் சகிக்காமல்தான் தம்பி ஊரெல்லாம் அலைந்து, ஒரு பழைய சாமான் கடையில் அதே மாடல் கத்தியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான்.

"ஒரே ஒரு ஒப்பந்தம் மாமா. இது உங்க பழைய கத்தி அளவுக்கு நல்லா இருந்தா, அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டு விஷயத்தை முடிச்சிடணும்."

"தரத்தைப் பாக்காம நான் எதுவும் சொல்றதில்லை" என்றார் அவர். அங்கேதான் தம்பி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். ஆலையில் அவருக்குப் பெயரே ரிஜெக்ட் சார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்த்தபின் வட்டத்துக்குள் 7 என்று போட்ட தன் முத்திரையை ஊதா மையில் தோய்த்து, நிராகரித்துவிடுவார்.

"முதல்ல நிறமே தப்பு. என்னோடது கறுப்புப் பிடி. இது பழுப்பு."

"வாங்கும்போது உங்களோடதும் பழுப்புதான்" என்றாள் மனைவி, பட்டனைப் பார்த்து.

"பதினோரு வருஷம் கையில வெச்சிருந்தவனுக்குத் தெரியாதா?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

திருகாணியைத் தளர்த்தினால் கத்தி திறக்கும் என்று தம்பி சொன்னான். தளர்த்தினார். கத்தி திறந்தது, திறந்து, காற்றில் ஆடியது. இன்னும் கால் சுற்று தளர்த்தினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. திருகாணி கையோடு வந்துவிட, உள்ளே இருந்த சின்னஞ்சிறு பித்தளை வாஷர் ஒன்று மேஜையில் விழுந்து, தரைக்குத் தாவி, நேராக மனைவியின் காலை நோக்கி உருண்டது.

"பிடி, பிடி" என்று இருவரும் கத்தினார்கள்.

மனைவி காலைத் தூக்கி வழி விட்டாள். வாஷர் ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.

"உங்க சாமானை நான் தொடுறதில்லை" என்றாள்.

ஃபிரிட்ஜை நகர்த்தினார்கள். அதன் பின்னால் இருந்த தண்ணீர்த் தட்டு கவிழ்ந்தது. அந்த வெள்ளத்தில் ஒரு பென்சில், இரண்டு பாட்டில் மூடி, போன வருடத்துக் காலண்டர் தாள் ஒன்று, எல்லாம் மிதந்து வந்தன. வாஷர் வரவில்லை. கடைசியில் பரிசோதகர் ஆலையின் நல்ல அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, அதையே வாஷராக வைத்து முறுக்கினார். கத்தி இப்போது திறந்தது. மூடினால் முக்கால்வாசியோடு நின்றது.

"கூர் எப்படின்னு பாக்கலாம்" என்றார்.

"கடைக்காரர் சாணை பிடிச்சுதான் கொடுத்தார் மாமா. ரொம்ப நல்லா வெட்டுது. விட்டுடுங்களேன்."

"அவன் பிடிச்ச சாணையை நான் எப்படி நம்புறது?"

பின்வாசல் படிக்கல்லில் அரை மணி நேரம் தேய்த்தார். கத்தி கூராகவில்லை. படிக்கல் நன்றாக வழவழப்பாகிவிட்டது.

மறுநாள் கத்தியை ஆலைக்குக் கொண்டுபோனார். முறைப்படி பரிசோதிக்க வேண்டும் என்றால் ஒரே கனமுள்ள அட்டையை வெட்டிப் பார்க்க வேண்டும். தான் முந்தின நாள் நிராகரித்துப் போட்ட குவியலிலிருந்து மேலே கிடந்த பெட்டியை எடுத்து, நான்கு பக்கமும் சரக் சரக்கென்று கிழித்தார். வெட்டு பிசிறடித்தது. 'அலகு மட்டம்' என்று குறித்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். குனிந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"ரிஜெக்ட் சார். ஓரம் ஒரு நூல் கோணல். நேத்து நானே முத்திரை போட்டேன்."

"இது மாஸ்டர் சாம்பிள். வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. இந்தப் பெட்டி மாதிரி இருக்கான்னுதான் நீங்க மத்த பெட்டியெல்லாம் பாக்கணும்."

பரிசோதகர் எட்டிப் பார்த்தார். மூடியின் உள்பக்கம் கையெழுத்து இருந்தது. அதன் மேலேயே வட்டத்துக்குள் 7 இருந்தது. யாரோ கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்ததை, இவர் வழக்கம் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து நிராகரித்திருக்கிறார்.

"ஆனாலும் கோணல்தான் சார்" என்றார்.

மேனேஜர் கிழிந்த துண்டுகளைப் பொறுக்கி அடுக்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "திங்கட்கிழமை அவங்க வராங்க. போன ஆடிட்டுக்குப் போட்டுட்டு வந்தீங்களே, அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஒழுங்கா வந்து, நீங்களே பதில் சொல்லுங்க. வேலை நிலைக்குமான்னு அப்புறம் பேசலாம்."

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தார். கோட்டு இல்லை. கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள், கதவுக்குப் பின்னால், எங்கேயும் இல்லை.

"கோட்டையும் தூக்கிப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. மனைவி கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கோபத்தைவிட அலுப்புதான் அவள் முகத்தில் அதிகம் இருந்தது.

"எட்டு மாசமா கத்தி. இப்போ கோட்டு. நாளைக்கு வேற எதுக்கோ என்னைச் சொல்வீங்க. இந்தக் கத்தி நல்லதா கெட்டதான்னு ஒரு முடிவைச் சொல்லுங்க. நல்லதுன்னா மன்னிப்புக் கேளுங்க. கெட்டதுன்னா நான் தம்பி வீட்டுக்குப் போறேன். கொஞ்ச நாள் உங்க சாமானோட நீங்களே குடித்தனம் பண்ணுங்க."

தனியாகக் குடித்தனம் பண்ணப் பரிசோதகருக்குத் தெரியாது. ஆனால் நல்லதில்லாததை நல்லது என்று சொன்ன பழக்கம் அவருக்கு இல்லை. விடிய எழுந்து, ஆலையின் படிவத்திலேயே அறிக்கை எழுதினார். பதினோரு குறைகள். அடியில் முத்திரை குத்தி மடித்து வைத்துக்கொண்டு, கடைக்காரனிடமே இதைக் காட்டிக் கத்தியைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்.

"நானும் வரேன்" என்றாள் மனைவி. அவள் கையில் பெட்டி இருந்தது. துணிகள் அடுக்கிய பெட்டி. தம்பி தலையில் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

பழைய சாமான் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரு ஆள் நுழைந்தால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரத்தைக் குடைந்துகொண்டிருந்தார். கத்தியை வாங்கித் திறந்தார். மூடப் பார்த்தார். முக்கால்வாசியில் நின்றது.

"நான் கொடுத்தப்போ இப்படி இல்லையே சார். உள்ள இது என்ன, அட்டையா?"

"அதை விடுங்க. அதெல்லாம் பரிசோதனையில வந்தது" என்றார் பரிசோதகர். "நான் சொல்றது அடிப்படைக் குறை. இது அந்தக் கம்பெனி சரக்கே இல்லை, போலி. அப்படியே அசல்னாலும், இதை முன்னால வெச்சிருந்தவன் மனுஷனே கிடையாது. கேளுங்க."

அறிக்கையைப் பிரித்து வாசித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அலகு முனை வளைஞ்சிருக்கு. ஏதோ டப்பா மூடியை நெம்பியிருக்கான். கத்தியால டப்பாவைத் திறக்கிறவனை என்ன சொல்றது? அடுத்தது, மடிப்புக்குள்ள காய்ஞ்ச கோந்து. அப்புறம் முதுகுப் பக்கம் தேய்ஞ்சிருக்கு, திருகாணி முறுக்கியிருக்கான். ஸ்க்ரூ டிரைவர்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே அவனுக்குத் தெரியலை. பிடி இடுக்குல ஏதோ ஊதாக் கறை. என்ன ரசாயனமோ."

"அசல்தான் சார்" என்றார் கடைக்காரர் பொறுமையாக. "இனிமே இந்த மாதிரி இரும்பு போட மாட்டாங்க. ஆனா வெச்சிருந்தவர் விஷயத்துல நீங்க சொல்றது சரி. வரும்போது இந்தப் பிடி கறுப்பா இருந்துச்சு. சாயம்னு நினைச்சேன். மூணு நாள் மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டுத் தேய்ச்ச பிறகுதான் மரம்னே தெரிஞ்சுது. அத்தனையும் அழுக்கு."

"சீ" என்றார் பரிசோதகர். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "கையைக் கழுவாத ஜென்மம். இப்படி ஒருத்தன் கையில ஒரு நல்ல பொருள் சிக்கிச் சீரழிஞ்சிருக்கு. அவன் யாருன்னு தெரிஞ்சா, நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சு மன்னிப்புக் கேக்க வைக்கணும்."

"கண்டிப்பாக் கேக்கணும்" என்றாள் மனைவி.

எட்டு மாதத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பரிசோதகருக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருந்தது. எழுதின அறிக்கையை மேஜைமேல் நீட்டினார்.

கடைக்காரர் அதை வாங்கிப் படித்தார். அடியிலிருந்த முத்திரைக்கு வந்ததும் ஒற்றைக் கண்ணாடியை இழுத்துவிட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். பிறகு பரிசோதகரைப் பார்த்தார். எழுந்து, தொங்கிய துணிகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அவர் கையில் ஹேங்கரில் மாட்டிய ஒரு சாம்பல் நிறக் கோட்டு இருந்தது. மேல்பையில் ஓர் அட்டைத் துண்டு துருத்திக்கொண்டு நின்றது. அதில் ஊதா மையில் வட்டம், வட்டத்துக்குள் 7.

"என் கோட்டு" என்று பாய்ந்தார் பரிசோதகர். மனைவி பக்கம் வெற்றியோடு திரும்பினார். "பாத்தியா? நீ தூக்கிப் போட்டது எங்க வந்து கிடக்குதுன்னு பாத்தியா? இதுக்கு என்ன சொல்றே இப்போ?"

மனைவி பெட்டியைக் கீழே வைத்தாள். கடைக்காரர் கோட்டிலிருந்த தூசியைத் தட்டி அவர் கையில் கொடுத்தார்.

"லாண்டரியில துவைக்கப் போட்டுட்டு ஆறு மாசமா அந்த ஆள் திரும்பியே வரலைன்னு எனக்குத் தள்ளிவிட்டாங்க சார், கத்தி இதோட உள்பையிலதான் இருந்துச்சு."