பன்றி கேட்ட பாட்டில்

அந்த வாரம் எங்கள் ஓராஷ்னிக் கிராமத்தில் தேவாலயம் காலி, மதுக்கடையும் காலி. ஊரே மைதானத்தில் நின்றது. ராதிசாவ் வந்திருந்தார். சாபத்தைக் கண்டுபிடிக்கும் மகான்!

எங்கள் ஊர்க் கிழவிகள் ஈயத்தை உருக்கித் தண்ணீரில் ஊற்றிக் குறி சொல்வார்கள். அது பழைய பஞ்சாங்கமாம். இவருடையது விஞ்ஞானமாம். வீட்டில் ராக்கியா சாராயம் வைத்திருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கொண்டுபோக வேண்டும். அடியில் ஒரு துண்டு வெட்டித் தொட்டித் தண்ணீரில் போடுவார். மூழ்கினால் சாபம். உள்ளே இருந்த சாராயமா? அதை மகான் பார்த்துக்கொள்வார்.

எல்லோருடையதும் மூழ்கியது. பரிகாரம், புகைபோட்ட பன்றித்தொடை ஒன்று. தொடை கைக்கு வந்ததும் முணுமுணுத்துவிட்டு மூடியில் ஒரு துண்டு வெட்டிப் போடுவார். மிதக்கும்.

"சாபம் வயித்துல குடியிருக்கும், வாய் வழியா வெளியேறும். அதான் மூடியில பாக்குறேன்" என்பார். என்ன அறிவு! கூட்டம் சிலுவை போட்டுக்கொண்டது. அவருடைய வேன் தொடைகளின் பாரத்தில் பின்பக்கம் சாய்ந்து நின்றது.

எங்கள் ஊர்ப் பெண் நெவேன்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். எங்கள் பக்கத்தில் வீடு வீடாகப் போய் ஆளுக்கொரு மடக்குச் சாராயம் கொடுத்துத்தான் கல்யாணத்துக்கு அழைப்பார்கள்; அந்த பாட்டிலை வருங்கால மாமியார் ஸ்டாமென்கா பிடுங்கி வந்து மகானிடம் நீட்டினாள். மூழ்கியது. மகான் கண்ணை மூடினார்.

"இது பெரிய சாபம்மா. தொடை பத்தாது. முழுப் பன்னி வேணும்."

நெவேன்கா வீட்டில் இருந்ததே ஒரு பன்றி. கல்யாணப் பந்திக்கு வளர்த்தது.

"பன்னியக் குடுத்துட்டு வா. இல்லேன்னா கல்யாணமே கெடையாது" என்றாள் ஸ்டாமென்கா. மாப்பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூழ்கும் துண்டெல்லாம் வெள்ளை, மிதக்கும் துண்டெல்லாம் நீலம் என்பதை நெவேன்கா காலையிலிருந்தே கவனித்திருந்தாள்.

மகான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். அடியில் ஒரு துண்டு, மூடியில் ஒரு துண்டு வெட்டி இரண்டையும் ஒன்றாகப் போட்டாள். அடி மூழ்கியது, மூடி மிதந்தது.

"அடப்பாவமே, உங்களுக்கும் பெரிய சாபந்தான். நீங்க யாருக்குப் பன்னி குடுக்கப் போறீங்க?"

"நீ தொட்ட தோஷம்" என்றார் மகான்.

"சரி, தொடல. அத்தை கூடையில இருக்கே, அது அவங்க சொந்த பாட்டில். நேத்துதான் தொடை வாங்கிட்டு சுத்தம் பண்ணிக் குடுத்தீங்க. நீங்களே வெட்டுங்க. ஆனா அடியில வெட்டுங்க."

மகான் கத்தியை மடக்கப் பார்த்தார். ஸ்டாமென்காவே பிடுங்கி வெட்டிப் போட்டாள். துண்டு கல்லாட்டம் அடிக்குப் போனது.

"அப்போ என் தொடை?" என்றாள் ஸ்டாமென்கா மெதுவாக.

அவ்வளவுதான். ஊரே சிரித்துக்கொண்டு வேனுக்கு ஓடியது. அவரவர் தொடையை மோந்து பார்த்தே கண்டுபிடித்தார்கள். மகான் வயல் வழியாக ஓடினார். அவருக்கு எந்த மந்திரமும் ஞாபகம் வரவில்லை.

நகரத்து மறுசுழற்சி ஆலையில் பாட்டில்களை நொறுக்கித் தண்ணீரில்தான் கொட்டுகிறார்கள். பாட்டிலும் மூடியும் வேறு வேறு பிளாஸ்டிக்; பாட்டில் துண்டு மூழ்கும், மூடித் துண்டு மிதக்கும், தனித்தனியாக அள்ளிக்கொள்கிறார்கள். அங்கே யாரும் பன்றி கேட்பதில்லை.

ஞாயிறன்று கல்யாணம் நடந்தது. பன்றி பந்திக்கே வந்தது. மாமியார் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

பாட்டிலை ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடாதீர்கள் என்று ஊரெல்லாம் எழுதி வைக்கிறார்கள். நல்லது. மூளையை ஒரு தடவையாவது பயன்படுத்துங்கள் என்று எப்போது எழுதுவார்கள்?