ஒல்லாந்துக் கிழவர் காயும் வரை

"இஞ்சருங்கோ, ஒண்டில் அந்தப் படம் இந்த வீட்டில இருக்கும், இல்லாட்டி நான் இருப்பன்!"

டர்பன்டைன் மணம் தாங்காமல் ஜெயராணி மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"எண்ணெய்ச் சாயம் காயக் கிழமைக்கணக்காச் செல்லும் ஜெயா. கொஞ்சம் பொறும்" என்று கெஞ்சினார் லோகேஸ்வரன்.

பென்சன் எடுத்த கையோடு ஓவிய வகுப்பில் சேர்ந்தவர் அவர். பழைய ஒல்லாந்து மேதை ஒருவர் தீட்டிய கிழவரைப் பார்த்து அச்சொட்டாக வரைய வேண்டும், அதுதான் பாடம். கிழவரின் தொப்பி கவிழ்த்த தாச்சிச் சட்டியாகிவிட்டது. அதைச் சுரண்டி வழுக்கைத் தலையாக்கினார். மடிப்பு மடிப்பான கழுத்துப்பட்டி கைக்கு வரவில்லை. சேட் கொலர் போட்டார். மூக்கும் கண்ணும் பிடிபடாமல், கண்ணாடியில் தம்முடையதைப் பார்த்துத் தீட்டி முடித்தார். உயிரோடு இருப்பது போலிருக்கிறது என்று ஒருவராவது சொல்லமாட்டார்களா என்று மனுசன் ஏங்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கெண்டால் எங்கயோ கண்ட முகம். அதுக்காக வீட்டில வைக்கேலாது" என்றாள் ஜெயராணி.

படம் கீழே, லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் குடியேறியது. ஸ்டூலின் துரு படாமலிருக்க வெள்ளைத் துணி விரித்தார். ஈரச் சாயத்தில் நுளம்பு வந்து ஒட்டியது; ஊதுபத்தி கொளுத்தினார்.

லீவில் புறப்பட்ட வாச்சர் சூசைதாசன், "ஐயா, போற வாற ஆக்கள் தொட்டுப் பாக்கினம்" என்று ஒரு முறைப்பாட்டையும் வைத்துவிட்டுப் போனார்.

லோகேஸ்வரன் சும்மா விடுவாரா? வரிசையாகக் கதிரைகளைப் போட்டு மறித்தார்.

மறுநாள் காலை லிப்ட் கதவு திறந்தபோது அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. கதிரை நிறைய ஆட்கள்! ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாசலில் செருப்புகள்கூடக் கழற்றிக் கிடந்தன. கலைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனார்.

ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த மஸாஹிரா, மூடிய சாப்பாட்டுத் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அப்புடியே உசிரோட இருக்கிற மாதிரி இருக்கு" என்றாள் மெதுவாக.

லோகேஸ்வரனுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தலையை ஆட்டினார்.

மஸாஹிரா அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள். தட்டை அவர் கையில் வைத்தாள்.

"அழாதீங்க. நீங்க அவர்ட கூடப்பிறந்தவர்தானே, அதே மூஞ்சி... பிரேதத்த எத்தன மணிக்கு எடுக்குறாங்க?"