கோழி அடைகாத்த பந்து

சுந்தராம்பாள் வீட்டுக் கோழி மூன்று நாட்களாக ஒரு பிளாஸ்டிக் பந்தின் மேல் அடைக்கு உட்கார்ந்திருந்தது.

"இன்னா தம்பி, எழுப்பினா கொத்த வருது. உன் பந்துதானே அது?" மதிலுக்கு மேல் அவள் தலை மட்டும் தெரிந்தது.

"ஆமாங்கம்மா" என்றான் யதிராஜ். கையில் கோல்ஃப் மட்டையோடு நிற்பவன் வேறு என்ன சொல்ல முடியும்?

"நாளைக்குக் குஞ்சு வர்லன்னா கோழிக்கு யாரு பதில் சொல்றது? நீயா வந்து சொல்லுவ?"

யதிராஜ் மட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். ஒரகடத்தில் கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்யும் கம்பெனியில் அவன் குவாலிட்டி இன்ஜினியர். குஜராத்தில் அந்தக் கம்பெனி புது பிளாண்ட் திறக்கிறது. இங்கிருந்து எட்டுப் பேர் ஐந்து வருடத்துக்குப் போயாக வேண்டும். மனைவி அரவிந்தவல்லிக்கு மணிமங்கலத்தில் அரசுப் பள்ளி வேலை. மகள் ஜாஹ்னவி பிளஸ் டூ. போவதென்றால் அவன் தனியாகத்தான் போக வேண்டும்.

எச்.ஆர். ஹேமந்த்தான் கேன்டீனில் காதோடு சொன்னான். "சார், நம்ம பிளாண்ட் ஹெட், கொரியாக்கார பார்க் சாருக்கு கோல்ஃப்னா உயிரு. கூட ஆடறவங்கள அவரு விடவே மாட்டாரு. குஜராத் லிஸ்ட் போடறதுக்கு முன்னாடி எல்லாரையும் ஒரு ஞாயித்துக்கிழமை கிரவுண்டுக்குக் கூப்பிடப் போறாரு. பாத்துக்குங்க."

அன்றைக்கே யதிராஜ் மட்டை வாங்கினான். பந்தும் யோசித்துத்தான் வாங்கினான். நிஜக் கோல்ஃப் பந்து கெட்டியானது. இருநூறு மீட்டர் பறக்கும். வீட்டுப் பின்புறமோ முப்பது அடி. இந்தப் பயிற்சிப் பந்துக்கு உள்ளே ஒன்றுமில்லை, மேலெல்லாம் ஓட்டை. எடை இல்லாததால் காற்றைத் தள்ளிக்கொண்டு போக அதற்கு வலுவில்லை. ஓட்டைகளில் காற்று புகுந்து சுழன்று அதைப் பின்னால் இழுக்கும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சீக்கிரமே களைத்து விழுந்துவிடும். ஆனால் அதே காற்று பக்கவாட்டில் அடித்தால் பந்து மதிலைத் தாண்டிக் கோழிக்கூட்டில் இறங்கும் என்று அட்டைப்பெட்டியில் யாரும் எழுதவில்லை.

முட்டை போல வெள்ளையாயிருப்பதுதான் குற்றம் என்று முடிவுகட்டி, ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சுப் பந்துகளுக்கு மாறினான். கோழி அவற்றை மதிக்கவில்லை. இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் விடியலில் மழை. ஸ்பாஞ்சு தண்ணீரைக் குடித்தால் பஞ்சு போலிருந்தது கல்லாகிவிடும் என்பது யாரும் சொல்லத் தேவையில்லாத உண்மை. அன்று காலை அவன் அதை மறந்து அடித்தான். பந்து நேரே போய் சுந்தராம்பாள் மாடியிலிருந்த டிஷ்ஷில் மோதியது. டிஷ் வானத்தில் ஒரு புள்ளியைக் குறிவைத்து நிற்கும் பொருள். ஒரு விரல்கடை திரும்பினாலும் டிவியில் படம் வராது.

"தம்பீ! நேத்து சீரியல்ல கல்யாணத்தோட நிறுத்தினான், இன்னிக்குத் தாலி கட்றான். எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல!"

யதிராஜ் ஏணி போட்டு ஏறினான். வலப்பக்கம் திருப்பினான், இடப்பக்கம் திருப்பினான். படம் வந்தபோது தாலி ஏறி முடிந்திருந்தது. அதற்காக அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அடுத்து, இரண்டு பக்கமும் பச்சை நிழல்வலை கட்டினான். நடுவே கதவு அகலம்தான் வழி. பழைய ஓட்டைப் பந்துகளே திரும்பி வந்தன. நேராக அடித்தால் எதிரே அவன் தொங்கவிட்ட போர்வையில் போய் விழும். கொஞ்சம் கோணினாலும் வலையில் பட்டுத் திரும்பி, அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குள் போகும். முதல் பந்து தோசைக்கல்லில் விழுந்து உருகியது.

"என்னங்க, இது தோசையா, பந்தா?"

"என்ஜி" என்றான் யதிராஜ் தீர்க்கமாக. கம்பெனியில் தேறாத சாமானுக்கு அதுதான் பெயர், தேறினால் ஓகே. ஒவ்வோர் அடியையும் செக் ஷீட்டில் அப்படித்தான் குறித்து வந்தான்.

கோபம் தணிந்த சுந்தராம்பாள் மதிலோரம் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தாள். "என்ஜி! தோள்பட்டைய ஆட்டாத தம்பி!" மறுபடியும், "என்ஜி! இன்னா அவசரம், பஸ்ஸு போயிடுமா?" ஷிப்ட் முடிந்து வந்தவன் இருட்டும் வரை அடிப்பான். வலை தவறான அடியை ஒருநாளும் மன்னிக்கவில்லை. மூன்றாம் மாதக் கடைசியில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு ஓகே. ஜாஹ்னவி எண்ணிச் சொன்னபோது அவன் கண் கலங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. மைதானத்தில் வலையும் இல்லை, கோழியும் இல்லை. யதிராஜின் கண்ணுக்கு மட்டும் கதவு அகலத்தில் ஒரு வழி தெரிந்தது. பத்துப் பந்தும் கயிறு பிடித்தாற்போல் நேரே போயின. பார்க் சார் கைதட்டினார். சிறு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார்.

ஹேமந்த் அடித்ததெல்லாம் பக்கத்துக் குளத்தில் விழுந்தது. பாவம், சின்னப் பையன், குழந்தை பிறந்து நாலு மாதம்தான் ஆகிறது என்று யதிராஜ் உள்ளூர வருந்தினான்.

திரும்பும்போது பார்க் சாரின் டிரைவர் சாம்சன்தான் அவனைக் காரில் கொண்டுவந்து விட்டான். "சூப்பரா அட்ச்சீங்க சார். உங்க பேரத்தான் மொத பேரா எழுதினாரு."

"நிஜமாவா சாம்சன்?" அரவிந்தவல்லிக்குச் சொல்ல யதிராஜ் செல்போனை எடுத்தான்.

"ஆமா சார். குஜராத்துக்கு அவரே ஹெட்டா போறாரு, அங்க பிளாண்ட் பக்கத்துலயே பெரிய கோல்ஃப் கிரவுண்டு கீதாம், கூட ஆட நல்லா அடிக்கற எட்டுப் பேரத்தான் தேடிகினு இருந்தாரு. ஹேமந்த் சாருக்கு மட்டும் முன்னயே தெரியும், அதான் ஒரு பந்து பாக்கியில்லாம குளத்துலயே உட்டாரு."