ஒரு மணி நேர டீ

ஆபீசில் அவசரக்குடுக்கை என்று பெயர் வாங்கிய மனிதர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கம்ப்யூட்டரை மெதுவாக்க முடிவு செய்தார். அதுவும் மனைவிக்குத் தெரியாமல். அங்கேதான் சிக்கல்.

வீட்டிலிருந்தே வேலை. புது மெஷின் வந்து ஒரு வாரம். பதினாறு ப்ராசஸர், பறக்கிற டிஸ்க். எழுதிய ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் கோத்து ஒரே மென்பொருளாக்கும் வேலைக்கு பில்ட் என்று பெயர். பழைய மெஷினில் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். இதில் நாலே நிமிடம். சாயங்காலம் பில்டைத் தட்டிவிட்டு, ஜன்னலோரம் மனைவியோடு டீ குடித்த அந்த ஒரு மணி நேரம் போயே போய்விட்டது. டீ ஆறுவதற்குள், வேலை முடிந்திருக்கும் போய்ப் பாருங்கள் என்று அவளே எழுப்பி அனுப்பிவிடுகிறாள்.

அவருக்குத் தாங்கவில்லை. அவர்கள் கல்யாணமே ஒரு பில்டின் உபயம். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் இருவருக்கும் ஒரே ஆபீஸ். பில்ட் மெஷின் அவள் பொறுப்பு. இவர் ஒரு வரி திருத்துவார், ஒரு மணி நேரம் காத்திருப்பார். மாடிப்படியில் இரண்டு பேப்பர் கப். இவர் மெஷினை வாய் வலிக்கத் திட்டுவார், அவள் ஆறுதல் சொல்வாள். மேனேஜரோடு மல்லுக்கட்டிப் புது டிஸ்க்கூட வாங்கிப் போட வைத்தார். ஐந்து நிமிடம்தான் குறைந்தது. ஏனென்று இன்றுவரை அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் அந்தப் படிக்கட்டு டீயை அவர் இன்னும் மறக்கவில்லை.

ஆகவே பதினைந்து ப்ராசஸரைச் சத்தமில்லாமல் தூங்க வைத்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார்.

"மெஷின் படுத்துருச்சும்மா. ஒரு மணி நேரம் ஆகும் போல."

"புதுசுதானே?"

"புதுசுன்னா படுக்காதா?"

அவள் டீயோடு வந்து உட்கார்ந்தாள். ஹாஸ்டலில் இருக்கும் மகள், எதிர்வீட்டுச் சண்டை, தன் முழங்கால் வலி என்று பேச்சு நீண்டது. பழையபடி சிரித்தாள். மூன்று நாள் இப்படியே ஓடியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே பெருமை பிடிபடவில்லை.

நாலாம் நாள் டீயை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"பதினாறும் ஓடினா மெஷின் ஃபேன் சத்தத்துல வீடே அதிரும். மூணு நாளா சத்தமே இல்ல. எத்தனையை ஓட விட்டிருக்கீங்க?"

அவர் கப்புக்குள் பார்த்தபடி, "ஒண்ணு" என்றார்.

"நானும் அதேதான் செஞ்சேன்."

"எப்போ?"

"அந்த ஆபீஸ்ல. அந்த மெஷின்ல நாலு ப்ராசஸர் இருந்துச்சுங்க. ஒண்ணு மட்டும் ஓடினாப் போதும்னு வச்சது நான்தான்."

அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"அடிப்பாவி, நான் அந்த டிஸ்க்குக்காக மேனேஜர்கிட்ட எவ்வளவு சண்டை போட்டேன்?"

"போட்டீங்க. அஞ்சு நிமிஷம் போச்சேன்னு அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல."