ரோடு சரியில்லீங்க

நெய்வேலிச் சுரங்கம் எவ்வளவு ஆழம் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். தீவுக்காரரால் நான் தலை குனிந்த ஆழத்துக்கு முன்னால் அதெல்லாம் வெறும் வாய்க்கால். அவரோடு டீக்கடைக்குப் போய் வெட்கப்பட்டிருக்கிறேன். கல்யாண மண்டபத்துக்குப் போய் வெட்கப்பட்டிருக்கிறேன். எழவு வீட்டுக்குப் போய், செத்துப் போனவர் எழுந்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து வெட்கப்பட்டிருக்கிறேன். மனுஷனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதா என்று சந்தேகப்படுகிறவர்கள் அவர் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று பார்க்கலாம். இருக்கிறது, அது போகிற சத்தம் காதில் கேட்கும்.

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவர். ரிட்டயர்ட் ஆனதும் எல்லோரையும் போலக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பக்கத்து ஊர் வடக்குத்தில் என் சைக்கிள் கடைக்குப் பின்னால் ஒரு மனை வாங்கி வீடு கட்டி வந்தார். பெண்டாட்டி, ஒரே மகள் செல்வி. செல்வி நர்ஸ். உலகத்தில் நர்ஸ் வேலைக்கு எத்தனையோ ஊர் இருக்க, அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது கரீபியன் கடலில் ஒரு தீவு. தீவு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரே முனிசிபாலிட்டி. நடுவில் கையகலத்துக்கு ஒரு டவுன், சுற்றிலும் கிராமங்கள், அதைச் சுற்றிக் கடல், அவ்வளவுதான். மகள் விமானம் ஏறிய அன்று அவர் போனில் அந்தத் தீவின் மேப்பைத் திறந்தார். அப்புறம் மூடவே இல்லை.

அன்றிலிருந்து அவர் பெயரை ஊர் மறந்துபோனது. வீட்டுக்கு வரும் கேஸ் சிலிண்டர்காரர்கூட, "தீவுக்காரர் வூடு இதுதானுங்களா?" என்றுதான் கேட்பார்.

போனிலேயே ரோடு ரோடாகப் போய்ப் பார்க்கலாமே, அதில் அவர் அந்தத் தீவை மண்வெட்டியால் கொத்தியதைப் போலக் கொத்திப் பார்த்துவிட்டார். எந்த ரோட்டில் பள்ளம், எந்த வளைவில் ஆடு படுத்திருக்கும், உப்பளத்தைத் தாண்டினால் யார் வீட்டு வேலி சாய்ந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. ஒருநாள் அங்கே ரோட்டோரத்தில் ஒரு முந்திரி மரத்தைக் கண்டுபிடித்து, "நம்ம முந்திரிங்க, நம்ம முந்திரி" என்று போனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்களிடம் எல்லாம் காட்டினார். கைக்குழந்தை உட்பட ஒருவரையும் விடவில்லை.

அவருக்குத் தாங்க முடியாத ஒரே விஷயம், அந்தத் தீவின் கிராமங்களுக்குப் பெயர் இருந்ததுதான். முப்பது வருஷம் நெய்வேலி நகரியத்தில் பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் என்று வாழ்ந்தவர். நம்பர் இல்லாத இடம் அவருக்கு இடமே இல்லை. ஆகவே தானே உட்கார்ந்து தீவைப் பிளாக் பிளாக்காகப் பிரித்துவிட்டார். சர்ச் இருக்கும் பக்கம் நாலாவது பிளாக். மீன்பிடி படகு நிற்கும் பக்கம் ஒன்பதாவது. ஆடு அதிகமாகத் திரிகிற மேட்டுக்குப் பதினாறு. ஆஸ்பத்திரி இருந்தது எட்டில். செல்வி பாவம், அவரிடம் பேசும்போது, "அப்பா, இன்னிக்கு ஆறாவது பிளாக்ல மழை" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் நகரியத்து ஆஸ்பத்திரிக்கு அவரிடம் வழி கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. "நேரா போங்க. சர்ச்சு வரும். ஆடு படுத்துகினு இருக்கும், ஆரன் அடிக்காதீங்க, எந்திரிக்காது. லெப்டுல திரும்புனா ஆஸ்பத்திரி." அந்த மனுஷன் சர்ச்சைத் தேடி, ஆட்டைத் தேடி, கடைசியில் சாயங்காலம் திரும்பி வந்து என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினார். நான் குனிந்து ஒரு சைக்கிள் டியூபில் இல்லாத பஞ்சரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் மானம் முழுசாகப் போனது பெண் கல்யாண விஷயத்தில்தான்.

செல்விக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. தரகர் ஒருவர் விடாமல் வரன் கொண்டு வந்தார். தீவுக்காரர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். "மாப்ள வூடு எந்த ரோட்டுல?" என்று மட்டும் கேட்பார். விருத்தாசலத்து வரனுக்கு, "அந்த ரோட்டுல மழைக்குத் தண்ணி நிக்கும்." கடலூர் வரனுக்கு, "அது முட்டுச்சந்து, வண்டி திருப்ப முடியாது." பண்ருட்டிப் பக்கம் ஒரு நல்ல இடம், பையன் ஸ்கூல் வாத்தியார். தரகர் கெஞ்சிக் கூத்தாடி எங்கள் இருவரையும் நேரில் கூட்டிப் போனார். மாப்பிள்ளையின் அம்மா பலாப்பழம் அறுத்து, சுளை எடுத்து, தட்டில் அடுக்கி வைத்து வாசலில் நின்றிருந்தார். தீவுக்காரர் வண்டியைவிட்டு இறங்கினார். ரோட்டை அப்படியும் பார்த்தார், இப்படியும் பார்த்தார். செருப்பால் ஓரத்து மண்ணைக் கிளறினார். அந்த அம்மாளைக் கும்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. ரோடு சரியில்லீங்க."

திரும்பி வண்டியில் ஏறிவிட்டார். நான் ஏறவும் முடியாமல், உள்ளே போகவும் முடியாமல், அந்த அம்மாள் நீட்டிய தட்டிலிருந்து ஒவ்வொரு சுளையாக எடுத்துத் தின்றுகொண்டே நின்றேன். வெட்கத்தில் கொட்டையையும் சேர்த்து முழுங்கியிருப்பேன். தரகர் அன்றைக்கு என்னிடம், "இந்த மனுஷனுக்கு மருமவன் வேணாம், ரோலர்தான் வேணும்" என்றார்.

ஊரே அவரைப் பைத்தியம் என்றது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? எனக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் தீவு முழுவதும் சுற்றிக் காட்டுகிறவர், பதினாறாவது பிளாக்கைத் தாண்டி ஒரு வளைவு வரும், அங்கே மட்டும் விரலை எடுத்துவிடுவார். அந்த வளைவுக்கு அப்பால் பிளாக் நம்பரும் கிடையாது.

"அதுக்கு மேல என்னாண்ணே?"

"போவாது தம்பி. ரோடு வேல நடக்குது."

வருஷக் கணக்காக நடந்தது அந்த வேலை. நம் ஊரில்கூட அத்தனை காலம் நடக்காது என்று சொல்ல வந்தேன். நம் ஊர் ரோட்டை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

இந்தச் சித்திரையில் ஒருநாள் காலையில், நான் கடை ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வந்து நின்றார். போன் கையில் இல்லை. அதைப் பார்த்ததும் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டேன்.

"செல்வி வருது தம்பி" என்றார். அப்புறம் என் காதருகில் குனிந்தார். "கல்யாணம் ஆயிடிச்சி. நாலு வருசம் ஆவுது. அந்த ஊரு பையன்."

டியூப் முக்கும் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

முனிசிபாலிட்டியில் ரோடு வேலை செய்கிற பையனாம். ரோட்டைச் சமப்படுத்தும் வண்டி ஓட்டுகிறானாம். பெயர் ரூபன். "பேரை மட்டும் கேட்டா தூத்துக்குடிப் பக்கம்னு சொல்லிடலாம். ஆளைப் பாத்தா முடியாது" என்றார். வீட்டுக்காரி நாள் தவறாமல் அவனோடு போனில் பேசுகிறாளாம். இவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாதிசனம் என்ன சொல்லும், ஷிப்டில் கூட வேலை செய்தவன் எல்லாம் என்ன சொல்வான், டீக்கடை என்ன சொல்லும்? மகளைப் பற்றி யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்றுதான் நாள் முழுக்க ரோட்டைப் பற்றியே பேசியிருக்கிறார். வாய் ஓயாமல் ரோடு போட்டுக்கொண்டே இருந்தால் யாரும் நடுவில் புகுந்து வீட்டைப் பற்றிக் கேட்க முடியாது அல்லவா?

பலாச்சுளைத் தட்டோடு நின்ற அந்த அம்மாளின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அவரால் நான்தான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டதில் எனக்கு வந்தது தெறித்துச் சிதறியது மட்டும்தான்.

அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. சென்னையிலிருந்து வருகிற வேன் மெயின் ரோட்டில் டீக்கடை வழியாக வரக் கூடாது. பண்ருட்டி தாண்டியதும் பிரிந்து, முந்திரித் தோப்புக்குள் புகுந்து, வீட்டுக்குக் கொல்லைப் பக்கமாக வந்து சேர வேண்டும். ஊர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரம். டிரைவருக்கு ரூட் சொல்லியாயிற்று. இரண்டு நாள் கழித்து அவர்களை அதே வழியில் அனுப்பிவிடலாம். நான் தோப்பு ஓரத்தில் அவரோடு நின்று, யாராவது வந்தால் பேச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும்.

கேவலமான வேலை. போனேன்.

மத்தியான வெயிலில் இருவரும் முந்திரி மரத்தடியில் திருடர்களைப் போல நின்றோம். வேன் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தோப்புக்குள் எங்கோ இஞ்சின் உறுமியது. உறுமியது, உறுமியது, அப்புறம் நின்றுபோனது. தீவுக்காரர் என்னைப் பார்த்தார். கடல் தாண்டி இருக்கிற ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்தையும் தெரிந்து வைத்திருந்தவர், தன் கொல்லைக்குப் பின்னால் இருக்கும் பாதையில் ஒருநாளும் நடந்து பார்த்ததில்லை. அது முழங்கால் ஆழத்துக்குப் புழுதி மண்.

மீதியை டீ மாஸ்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் ஒருவர், கறுகறுவென்று, பின்னல் போட்ட முடியோடு, தோப்பிலிருந்து வரப்பு வழியாக நடந்து டீக்கடைக்கு வந்திருக்கிறார். கையில் ஒரு முந்திரிப் பழம். கடையே எழுந்து நின்றிருக்கிறது. யாருக்கு இங்கிலீஷ் வரும் என்று ஒருவரை ஒருவர் பார்த்திருக்கிறார்கள்.

"அண்ணே, வண்டி மண்ணுல மாட்டிகிச்சிங்க. தள்ள நாலு ஆளு வேணும்."

அப்படியே தீவுக்காரர் வீட்டம்மாவின் பேச்சு. இழுவைகூட மாறவில்லை. எந்த வீட்டுக்கு வந்தீர்கள் என்று மாஸ்டர் கேட்டாராம். "தீவுக்காரர் வூடு. நான் மருமவன்." அசல் தீவுக்காரர் ஒருவர் நம் ஆளைத் தீவுக்காரர் என்று சொல்லக் கேட்டது அன்றுதான் என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வழி காட்டவா என்றதற்கு, "தெரியுங்க. தண்ணி டேங்க்கு, சைக்கிள் கடை, லெப்டு" என்றாராம். நம் ஆள் அந்த ஊரைப் போனில் பார்த்த காலமெல்லாம், அங்கே ஒருவர் நம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலு ஆள் கேட்டதற்கு நாற்பது பேர் போனார்கள். எங்களுக்குக் கேட்டது, "தள்ளு, தள்ளு" என்ற சத்தம். தேர் வருகிற மாதிரி மரங்களுக்கு நடுவில் வேன் அசைந்து வந்தது. பின்னால் வடக்குத்தே வந்தது. கூட்டத்தில் தரகரும் இருந்தார்.

தீவுக்காரர் சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தார். கொல்லை வாசலை அடைத்துக்கொண்டு அவர் வீட்டம்மா, எங்கள் அண்ணி, நின்றிருந்தார், கையில் ஆரத்தித் தட்டு.

"உள்ள வர்றதா இருந்தா மாப்ளயோட வாங்க" என்றார் அண்ணி. "இல்லைன்னா இப்பிடியே போயி உங்க மேப்புல இருந்துக்குங்க."

அவர் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றார். முகம் செத்துப்போயிருந்தது. செல்வி வேனிலிருந்து இறங்கி அப்பாவையே பார்த்தபடி, கிட்டே வராமல் பத்தடி தள்ளி நின்றது. அந்தப் பெண் கடல் தாண்டி வந்தது அந்தப் பத்தடியைக் கடக்கத்தான். அதை அவர்தான் கடக்க வேண்டியிருந்தது.

தரகர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "அப்ப எங்க ரோடெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி."

எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. நெய்வேலியில் அது ஒன்றும் பெரிய ஆசை இல்லை.

முழங்கால் வரை புழுதியோடு அந்தப் பையன் முன்னால் வந்தான். கும்பிட்டான். என்ன பேசுவது என்று யோசிக்கிற முகம். திரும்பி, வந்த பாதையை ஒருமுறை பார்த்தான். வேலைக்காரன் பார்க்கிற பார்வை. அப்புறம் வருத்தத்தோடு சொன்னான்.

"மாமா, ரோடு சரியில்லீங்க."

தரகருக்கு வாய் பிளந்தது. தீவுக்காரர் அவனைப் பார்த்தார், புழுதியைப் பார்த்தார், ஊரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ஒருமுறை போதவில்லை.

"சரி பண்ணிடலாங்க, மாப்ள."

அந்தக் கடைசி வார்த்தை நாற்பது பேர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னார். செல்வி ஓடி வந்தது. அண்ணி எல்லோரையும் சேர்த்து நிறுத்தி ஆரத்தி சுற்றினார்.

மறுநாள் காலையில் மாமனாரும் மருமகனும் கடப்பாரை, மண்வெட்டியோடு தோப்புப் பாதையில் இறங்கினார்கள். செங்கல் ஜல்லி கொட்டினார்கள். இருவரும் பேசிக்கொண்டது முழுக்க ரோடுதான். இரண்டு நாளில் அனுப்பிவிடுவதாக இருந்த மாப்பிள்ளையை மூன்று வாரம் டீக்கடை டீக்கடையாக இழுத்துப் போனார். ஒருநாள் அவர் என் கடையில் உட்கார்ந்து போனை எடுத்து, பதினாறாவது பிளாக்கைத் தாண்டி, அந்த வளைவில் விரலை எடுக்காமல் தள்ளினார். நீலச் சுண்ணாம்பு அடித்த ஒரு வீடு வந்தது. கொடியில் துணி காய்ந்தது.

"இது எந்த பிளாக்குண்ணே?"

"இருபத்தொண்ணு" என்றார். நகரியத்தில் செல்வி பிறந்த பிளாக் அது.

போன மாதம் அண்ணியோடு அங்கேயே போயிருக்கிறார், மகளுக்குப் பிரசவம். நேற்று செல்வி போன் செய்தது. அப்பா தினமும் கடைத்தெருவில் உட்கார்ந்து, கண்டவர்களையும் கூப்பிட்டு, போனில் வடக்குத்து ரோட்டைக் காட்டி வழி சொல்லிக்கொண்டிருக்கிறாராம். முந்திரித் தோப்புப் பாதைக்குப் பிளாக் நம்பர்கூடப் போட்டுவிட்டாராம். "அவர கூட்டிகினு வெளிய போவவே வெக்கமா இருக்குது சித்தப்பா" என்றது.

"சீக்கிரம் அனுப்பி வைம்மா" என்றேன். "நான் தலை குனிஞ்சி ரொம்ப நாளாவுது."