டிராக்டரைத் தவிர அனைவரும் நலம்

திருக்காட்டுப்பள்ளி,
ஞாயிறு மாலை

அன்புள்ள தம்பி தமிழ்மாறனுக்கு,

அக்கா எழில்மொழி எழுதுவது. நீயும் செம்மொழியும் பிள்ளைகளும் சுகம் என்று நம்புகிறேன். இங்கு டிராக்டரைத் தவிர அனைவரும் நலம். போனிலேயே சொல்லியிருப்பேன், நான் பேசத் தொடங்கினால் உன் அத்தான் பக்கத்தில் வந்து நின்று வரிக்கு வரி திருத்துகிறார். அதனால் கடிதம்.

வங்கி நாற்காலியிலிருந்து ஓய்வு பெற்றதும் பழைய டிராக்டர் ஒன்று வாங்கி, அப்பா நமக்கு விட்டுப்போன நிலத்தைத் தானே பயிர் செய்வதாக அவர் கிளம்பியது உனக்குத் தெரியும். இன்று சம்பா நடவு. நாற்றைப் பறித்துச் சிறு சிறு முடிகளாகக் கட்டியாயிற்று, நடவுப் பெண்கள் வரப்பில் வந்து நிற்கிறார்கள், கடைசி உழவு மட்டும் பாக்கி, வண்டி ஓட்டும் இளையபெருமாளோ மைத்துனர் கல்யாணத்துக்குத் திருத்துறைப்பூண்டி போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார். "இத்தன வருஷமா கார் ஓட்டுறேன், எனக்கு இது என்ன பெரிய வித்தையா?" என்று இவர் ஏறி உட்கார்ந்தார். சேற்றில் இறங்குமுன் இரும்புச் சக்கரம் மாட்டவேண்டும் என்றேன். "நீ காலேஜ்ல போய்ப் பாடம் நடத்து" என்றார். ரப்பர் டயரோடு இறங்கினார். நடு வயலில் வண்டி நின்றது. அவர் முடுக்க முடுக்க அச்சுவரை உள்ளே போனது. நடவுக்கு வந்த ராமாயி, "சார், நீங்க எறங்கி வந்துருங்க. நாங்க வண்டியச் சுத்தி நட்டுட்டுப் போறோம்" என்றார். வரப்பே சிரித்தது. "மண்ணு சரியில்ல" என்று வீட்டுக்கு வந்து சொன்னவருக்கு நான் சோறு போட்டேன்.

நான் நடத்துவது உளவியல். தேர்வறையிலிருந்து சிரித்துக்கொண்டு வருகிறவனின் விடைத்தாளைத்தான் பயந்து பிரிப்பேன். ஒரு வேலை தனக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்கவும் அந்த வேலையில் கொஞ்சம் அறிவு வேண்டும். அது இல்லாதவன் நிம்மதியாக ஏறி உட்காருகிறான். கொஞ்சம் தெரிந்தவர்கள் தயங்கி நிற்கிறோம். கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படித்தான் நிற்கிறேன். இந்த வீட்டில் அதற்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர்.

பறித்த நாற்று தண்ணீரில் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் நடாவிட்டால் இந்த வருடம் நமக்குச் சம்பா கிடையாது. நிலத்தில் பாதி உன்னுடையது. என் பேச்சுக்கு இல்லாத மதிப்பு உன் பேச்சுக்கு உண்டு. அத்தானைக் கூப்பிட்டு, அடுத்த போகத்திலிருந்து இளையபெருமாளுக்கே குத்தகைக்கு விடச் சொல். தெரியாத வேலையில் இறங்குகிறவர்களை, சொந்தம் என்று பார்க்காமல் யாராவது தடுத்தாகவேண்டும்.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். தங்களுக்கு என்ன தெரியாது என்று தெரிந்து வளரட்டும்.

அன்புடன்,
அக்கா

பின்குறிப்பு: திங்கள் காலை. பக்கத்து வயல் மீரா சாகிப் நம் வண்டியை இழுத்து வெளியே போட்டு, இரும்புச் சக்கரமும் மாட்டிக் கொடுத்துவிட்டார். தானே உழுது தருவதாகவும் சொன்னார், வேண்டாம் என்றேன். உன் அத்தான் முதுகுவலி என்று படுத்திருக்கிறார், நீ போன் செய்யவேண்டாம். அவர் செய்த தவறுகள் அத்தனையையும் நேற்று வரப்பில் நின்று கவனித்துவிட்டேன். கல்லூரிக்கு விடுப்பு சொல்லியாயிற்று. ராமாயி முன்னதாகவே வந்து வரப்பில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார். சாவி என் கையில் இருக்கிறது. இத்தனை வருடமாக ஸ்கூட்டர் ஓட்டுகிறேன், எனக்கு இது என்ன பெரிய வித்தையா?