பிழை தவிர்ப்புப் பிரிவின் பொற்காலம்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளை அடுக்குகிறவர்கள் நெருப்பு, சக்கரம், அச்சு எந்திரம் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பாவம், விஷயம் தெரியாதவர்கள். ஊரின் கிழக்குக் கோடியில் இருக்கும் அந்த ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது மாடிக்கு ஒருமுறை ஏறி வந்திருந்தால் அவர்கள் கண் திறந்திருக்கும். அங்கேதான் "மின்னணு விண்ணப்பப் பிழை தவிர்ப்புப் பிரிவு" இயங்கிவந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு இணையம் வழியாக அனுப்பும் விண்ணப்பங்களில் பிழை நேராமல் காப்பது அதன் புனிதப் பணி. பிரிவு தொடங்கிய நாள்முதல் நிறுவனத்தின் ஒரு விண்ணப்பம்கூட நிராகரிக்கப்பட்டதில்லை. இப்படி மார்தட்டிக்கொள்ள உலகத்தில் வேறு எந்த நிறுவனத்தால் முடியும் என்று இயக்குநர் எல்லாக் கூட்டங்களிலும் கேட்பார். கூட்டத்தில் இருப்பவர்கள் பிஸ்கட்டைக் கடித்தபடி தலையாட்டுவார்கள்.

இந்தப் பெருமைக்குக் காரணமானவர் பிரிவின் ஒருங்கிணைப்பாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவரைப் "பிழைநாதர்" என்றுதான் சொல்வார்கள். அவரும் ஒரு காலத்தில் ஆராய்ச்சியாளராக இருந்தவர்தான். நிதி கேட்டு அவர் அனுப்பிய முதலும் கடைசியுமான விண்ணப்பத்தில், தன் வாழ்க்கைக் குறிப்புக்குப் பதிலாக வீட்டு மின்கட்டண ரசீதை ஏற்றிவிட்டார். விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வந்தது. அவர் செய்த பணிகளைப் பற்றி அந்த ரசீதில்தான் கூடுதல் தகவல் இருந்தது என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொன்னார்கள். பிழைநாதர் அசரவில்லை. அன்றோடு ஆராய்ச்சியைக் கைகழுவிவிட்டு, மற்றவர்கள் பிழை செய்யாமல் தடுப்பதற்கே தன் வாழ்வை "அர்ப்பணித்தார்". அவருக்குக் குளிரூட்டிய அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்தன. நிதி வாரியத்தின் இணையதளத்துக்கான கடவுச்சொல்லும் அவரிடமே ஒப்படைக்கப்பட்டது.

இப்பேர்ப்பட்ட மகானிடம்தான் தண்ணீர் மேடம் தன் விண்ணப்பத்தோடு போய் நின்றார்.

குடிநீரைச் சோதிப்பது அவருடைய வேலை என்பதால் நிறுவனத்தில் அவருக்கு அந்தப் பெயர். அவருடைய அக்கா, பேட்டரி தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அந்த வரிசைக்கே ஒரே ஆழ்துளைக் கிணறு; எல்லா வீட்டுக் குழாயிலும் வருவது அதன் தண்ணீர்தான். அத்தான் சிறுநீரகம் பழுதாகி, மருத்துவமனைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டிலும் அதே கதை, அதற்கடுத்த வீட்டிலும் அதே கதை. கிணற்றை மூடுங்கள் என்று தண்ணீர் மேடம் குடிநீர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். "ஆராய்ச்சி முடிவு கொண்டு வாங்க, உடனே மூடிடறோம்" என்றார்கள். மண்ணையும் நீரையும் ரத்தத்தையும் முறையாகச் சோதிக்க நிதி வேண்டும். நிதி கேட்க ஆண்டுக்கு ஒரே ஒரு வாய்ப்பு. ஆகவே மேடம் ராப்பகலாக உட்கார்ந்து எழுதி முடித்து, கெடுவுக்கு வெகு முன்னதாகவே பிரிவில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

பிழைநாதர் முதல் பக்கத்தைக்கூடத் திறக்கவில்லை.

"கோப்போட பேர்ல இடைவெளி இருக்கு மேடம்."

"எடுத்துடறேன் சார்."

"எடுத்தா மட்டும் போதாது. ஏன் இருந்தது, ஏன் எடுத்தீங்கன்னு ஒரு விளக்கக் கடிதம் வேணும்."

கடிதம் கொடுத்தார். அடுத்து, மின்னணு விண்ணப்பத்தை மூன்று பிரதி அச்செடுத்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திட்டு, மறுபடி ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும் என்று "அறிவுறுத்தப்பட்டார்". மின்னணு முறையின் மேல் பிரிவுக்கு அவ்வளவு பக்தி. அதைச் சும்மா அப்படியே நம்பிவிடாது.

"கையெழுத்து நீல மையில இல்லையே?"

"ஸ்கேன் கறுப்பு வெள்ளைதானே சார். எதுல போட்டாலும் கறுப்பாதானே தெரியும்?"

"தெரியறது கறுப்பா இருக்கலாம் மேடம். போடறது நீலமா இருக்கணும்."

மேடம் எல்லாப் பக்கங்களிலும் நீலத்தில் போட்டார். விரல் வீங்கியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு பிழைநாதர் சுருக்கவுரையைப் படிக்கத் திருவுளம் கொண்டார்.

"இங்க 'நஞ்சு'ன்னு போட்டிருக்கீங்க. ரொம்ப எதிர்மறையா இருக்கே."

"நஞ்சை வேற எப்படி சார் சொல்றது?"

"'தண்ணீரின் கூடுதல் அம்சங்கள்'னு போடலாமே. படிக்கிறவங்க மனசு நோகாது."

தண்ணீர் மேடத்துக்கு அந்தக் கணினியைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போல இருந்தது. கணினி நிறுவனத்தின் சொத்து என்பதால் அடக்கிக்கொண்டு, மாற்றிக் கொடுத்தார். அன்று மாலை அக்கா போனில் அழைத்தாள்.

"என்னடி, அனுப்பிட்டியா?"

"பிழை பார்த்துக்கிட்டிருக்காங்கக்கா."

"இன்னுமா? அவ்வளவு தப்பும் தவறுமாவா எழுதியிருக்க? சின்ன வயசுல நல்லாத்தானே படிச்ச?"

போனில் அக்கா குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, அந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு சொன்னேன்ல."

"வேற எதைக் குடிக்கிறது? நீ வாங்கிக் கொடுக்கிற கேன் உங்க அத்தானுக்கே சரியாப் போகுது. நீ சீக்கிரம் அனுப்புடி."

இதற்கிடையே பிரிவு ஒரு பயிலரங்கம் நடத்தியது. "மின்னணு விண்ணப்பம்: பொதுவான பிழைகளும் தவிர்க்கும் வழிகளும்." பிழைநாதர் திரையில் ஒவ்வொரு பிழையாகக் காட்டி முழங்கினார். வழிகாட்டிக் குறிப்பைப் படிக்காமல் நிரப்பாதீர்கள். 'சேமி' பொத்தானை அழுத்திவிட்டு அனுப்பியாயிற்று என்று நினைக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள்! கடைசி வாக்கியத்துக்குக் கைதட்டல் அடங்கவே சற்று நேரம் பிடித்தது. தண்ணீர் மேடம் எழுந்து, "அப்போ என்னோடதை இன்னிக்கே அனுப்பிடலாமா சார்?" என்று கேட்டார். அவசரம்கூட ஒரு பொதுவான பிழைதான் என்று பிழைநாதர் விளக்கினார். அதற்கும் கைதட்டினார்கள்.

கடைசி நாள் வந்தது. பிரிவின் திரையில் விண்ணப்பம் திறந்திருந்தது. ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் பச்சைக் குறி. குறை சொல்ல இனி ஏதும் இல்லை. கீழே 'சமர்ப்பி' என்ற பொத்தான் மின்னிக்கொண்டிருந்தது. பிழைநாதர் டீயை உறிஞ்சியபடி அதை ரசித்துக்கொண்டிருந்தார்.

"அழுத்துங்க சார்."

"அழுத்தலாம். ஆனா அழுத்தினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"போய்ச் சேரும்."

"சேர்ந்தா?"

"படிப்பாங்க."

"படிச்சா?" பிழைநாதர் டம்ளரைக் கீழே வைத்தார். "வேண்டாம்னு சொல்லலாம், இல்லையா? சொல்லிட்டா நம்ம சாதனை என்னாகறது?"

தண்ணீர் மேடம் மேசையில் கையூன்றிக் குனிந்தார்.

"சார், இந்தப் பிரிவு ஆரம்பிச்சதுல இருந்து எத்தனை விண்ணப்பம் அனுப்பியிருக்கீங்க?"

"என்ன மேடம் கேள்வி இது? பிழை தவிர்க்கிறதுதான் எங்க வேலை. இருக்கிறதிலேயே பெரிய பிழை எது தெரியுமா? அனுப்பறது. அனுப்பாத விண்ணப்பம் இதுவரைக்கும் ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா? சொல்லுங்க."

மேடம் பாய்ந்து மவுஸைப் பிடிக்கப் போனார். பிழைநாதர் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மேடம் மாடிப்படியில் தடதடவென இறங்கி இயக்குநர் அறைக்கு ஓடினார். இயக்குநர் பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்மா. தண்ணி எங்கே போயிடப் போகுது?"

மேடம் திரும்பி மேலே ஓடி வந்தபோது திரையில் "காலக்கெடு முடிந்தது" என்று எழுத்துகள் நின்றன. பிழைநாதர் எழுந்து நின்று கைகுலுக்க வந்தார். "பாராட்டுகள் மேடம். ஒரு பிழைகூட இல்லை."

அந்த மாதத்திலேயே அத்தானை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் வீடு திரும்பவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு அக்கா அதே குழாயிலிருந்துதான் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். வேறு தண்ணீர் அவளிடம் இல்லை. தண்ணீர் மேடம் அன்று அழவில்லை. ஆத்திரம் அழுகையை உள்ளேயே வைத்திருந்தது.

பிறகு பாராட்டு விழா வந்தது. நிராகரிப்பே இல்லாத நிறுவனம் என்று ஏதோ ஓர் அமைப்பு விருது கொடுத்திருந்தது. விழா அரங்கத்தின் வாசலில் தண்ணீர் மேடத்தின் விண்ணப்பத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள், "முன்மாதிரி விண்ணப்பம்" என்ற தலைப்போடு. மேடையில் இயக்குநரும் பிழைநாதரும் விருந்தினர்களும் அமர்ந்திருந்தார்கள். முன்மாதிரியை எழுதியவர் என்பதால் மேடத்தையும் அழைத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

மேடம் மேடையேறினார். தோள்பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். மேசையில் இருந்த கண்ணாடி டம்ளர்களில் ஊற்றினார். முதல் டம்ளரைப் பிழைநாதர் முன்னால் நகர்த்தினார்.

"குடிங்க சார். எங்க அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணி."

பிழைநாதர் டம்ளரைப் பார்த்தார். கலங்கல் இல்லை, வாடை இல்லை. பளிங்கு மாதிரி இருந்தது.

"எதுக்கு மேடம் இதெல்லாம்?"

"இதுல கெடுதல் இருக்குன்னு யாரும் நிரூபிக்கலையே சார். நிரூபிக்கத்தான் நிதி கேட்டேன். நீங்க அனுப்பலை. அப்படின்னா இது நல்ல தண்ணிதான். தைரியமா குடிங்க."

இயக்குநர் தன் நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். விருந்தினர்கள் தங்கள் முன்னால் இருந்த டம்ளர்களிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். பிழைநாதர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து விரலில் சுற்றிக்கொண்டு, அந்த விரலால் டம்ளரை மேசையின் அந்தக் கோடிவரை தள்ளினார். பிறகு கைக்குட்டையையும் கீழே போட்டுவிட்டார்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது, ஓர் ஆராய்ச்சியும் நடக்காமலே, மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.